ரத்தத்தில் இல்லாத கஞ்சா

இறந்துபோன கணவனின் ரத்தத்தில் கஞ்சா இருந்ததாக எழுதிவிட்டார்கள், அதை எப்படியாவது மாற்ற வேண்டும் என்று அழுதுகொண்டு வருகிறவர்களை வக்கீலம்மா தன் காலத்தில் நிறையப் பார்த்திருந்தார். கஞ்சா இல்லை என்று எழுதிவிட்டார்களே, அது எப்படி என்று கேட்டுக்கொண்டு ஒருத்தி வந்தது அதுதான் முதல் தடவை.

வந்தவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுச் சாவிக்கொத்தை விரலில் மாட்டியபடியே உள்ளே வந்து உட்கார்ந்தாள். வக்கீலம்மா மேசைமேல் போர்வையை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அரசு வழக்கறிஞர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இஸ்திரிப்பெட்டி ஓடினால்தான் அவருக்கு யோசனையும் ஓடும். பக்கத்து நாற்காலியில் அவர் கணவரின் தம்பி இருந்தார். பாதி ஆயுளை ஆயுள் காப்பீடு விற்றே கழித்தவர் என்பதால் தெரிந்தவர்கள் எல்லாம் அவரைப் ‘பாலிசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணியைத் தேடி யாராவது சிக்கலோடு வந்துவிட்டால் போதும், பாலிசிக்குக் கால் தரையில் பாவாது.

வேன்காரியின் கணவர் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டியவர். தென்னை மர உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற வேலை. வேலை நாளில் அவர் எதையும் தொட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும், கொல்லைப்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று உருட்டிப் புகைப்பார். குடித்துவிட்டு வந்து தட்டைத் தூக்கி எறிகிற ஆண்களோடு ஒப்பிட்டால் இது தேவலை என்று அவளும் விட்டுவிட்டாள். போன மாதம் ஒரு ஞாயிறு அதேபோல உட்கார்ந்தவர், நாலு இழுப்புக்கூட இழுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கண் மேலே சொருகியது. கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது உயிர் இல்லை.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் மது இல்லை, கஞ்சா இல்லை, தடை செய்யப்பட்ட பொருள் எதுவும் இல்லை, மாரடைப்பு என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

“வாராவாரம் இழுத்தவரு. அன்னிக்கும் என் கண்ணு முன்னாலதான் இழுத்தாரு,” என்றாள் அவள். “அது கஞ்சான்னா ரத்தத்துல இருக்கணும். ரத்தத்துல இல்லன்னா அவர் இழுத்தது கஞ்சா இல்ல. அப்ப அது என்னம்மா?”

வக்கீலம்மா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். இவ்வளவு நேராகக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் கோர்ட்டிலேயே குறைவு என்று கொழுந்தனைப் பார்த்துச் சொன்னார். பிறகு, அவர் புகைத்ததில் மிச்சம் ஏதாவது போலீஸ் எடுத்துப் போனதா என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குத்தான் அவள் அழுதாள். சாவிக்கொத்து மடியில் விழுந்தது. அவர் விழுந்தவுடன் அவள் முதலில் செய்தது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அல்ல. ஆம்புலன்ஸ் வந்தால் பின்னாலேயே போலீஸ் வரும், வேலை போகும், மானம் போகும் என்று பயந்து, சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அவர் தகர டப்பாவைக் கொண்டுபோய் வேன் சீட்டுக்கு அடியில் ஒளித்துவிட்டு, அதற்கப்புறம்தான் போனை எடுத்தாள். என்ன சாப்பிட்டார், என்ன புகைத்தார் என்று டாக்டர் கேட்டபோதும் ஒன்றுமில்லை என்றே சொல்லிவிட்டாள்.

சொல்லி முடித்ததும் பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து இஸ்திரித் துணியின்மேல் வைத்தாள். பாலிசி மூடியைத் திறந்து பார்த்தார். நறுக்கிய பச்சை இலைத்தூள் முக்கால் டப்பா இருந்தது. பார்வைக்குக் கஞ்சா மாதிரியேதான் இருந்தது. ஆனால் மூக்கருகே கொண்டுபோனபோது புதினா வாசம் குப்பென்று அடித்தது.

அவள் சந்தேகம் முழுக்க ‘மொட்டை’ என்பவன்மேல் இருந்தது. அதே யார்டில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். கணவருக்குக் கஞ்சா வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். சாவதற்கு இரண்டு மாதம் முன்பு அவனோடு கணவர் வாசலில் நின்று சண்டை போட்டாராம். சரக்கில் எலுமிச்சை வாசம் வருகிறது, நீ எதையோ கலக்கிறாய் என்று இவர் கத்த, அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தானாம்.

எலுமிச்சையா, புதினாவா என்று பாலிசி திருத்தப் பார்த்தார். எலுமிச்சைதான், தன் காதால் கேட்டது என்று அவள் அடித்துச் சொன்னாள். பாவம், துக்கத்தில் குழம்புகிறாள் என்று நினைத்தார் பாலிசி. வக்கீலம்மா டப்பாவில் இருந்ததில் நாலைந்து சிட்டிகையைத் தனித்தனி உறையில் போட்டுத் தனக்குத் தெரிந்த ரசாயனப் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டு, யார்டுக்குப் போய்ப் பேச்சுக் கொடுத்து வரும்படி கொழுந்தனிடம் சொன்னார். “நீங்க பேசாதீங்க தம்பி. அவங்களைப் பேச விடுங்க.” பாலிசியிடம் அப்படிச் சொல்வது மீனிடம் நீந்தாதே என்று சொல்வது மாதிரி. ஆனாலும் அவர் தலையாட்டினார்.

யார்டு முழுக்க டீசல் புகையும் இரும்பு மோதும் சத்தமும். மொட்டை, வண்டியை நிழலில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். செத்தவர் பெயரை எடுத்ததும் கோப்பையைக் கீழே வைத்தான். தான் கொடுத்ததெல்லாம் சுத்தமான சரக்கு, நறுக்கிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பேன், அவர் வீட்டுக்குப் போய் டப்பாவில் கொட்டிக்கொள்வார், அதற்குமேல் எனக்குத் தெரியாது என்றான். யூரின் டெஸ்ட் வைக்கப்போகிறோம், மாட்டினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவோம் என்று கம்பெனி அறிவித்ததிலிருந்து யார்டில் பாதிப்பேர் கஞ்சாவை விட்டுவிட்டார்களாம். விட்டுவிட்டு ‘கிளிப் பொட்டல’த்துக்கு மாறிவிட்டார்கள்.

அது என்ன என்று கேட்டதும் மொட்டை தன் பையிலிருந்தே ஒன்றை எடுத்துக் காட்டினான். பளபளப்பான உறை, மேலே பச்சைக் கிளிப் படம், ‘அறை நறுமண இலை’ என்று பெரிய எழுத்து. பின்னால் சின்ன எழுத்தில், உட்கொள்ளவோ புகைக்கவோ கூடாது, தடை செய்யப்பட்ட பொருள் எதுவும் இதில் இல்லை என்று இருந்தது. கடையில் பில் போட்டே கொடுப்பார்கள், கஞ்சாவைவிட விலை மூன்று மடங்கு, ஆனால் டெஸ்டில் வராது என்றான். டெஸ்ட் பேச்சு வந்த நாளில் வாங்கியது, இன்னும் பாதி மிச்சம் இருந்தது. பாலிசி முகர்ந்து பார்த்தார். எலுமிச்சை.

“அவர் இதைத் தொடவே மாட்டாரு சார்,” என்றான் மொட்டை. “மருந்து தெளிச்ச புல்லுன்னு திட்டுவாரு. நாங்கதான் ரெண்டு மூணு மாசமா இழுக்கறோம். எங்களுக்கு ஒண்ணும் ஆகலயே.”

சூப்பர்வைசர் அலுவலகக் கதவிலேயே நின்று பதில் சொன்னார். கிரேன் கூண்டில் தன் மச்சானை ஏற்ற வேண்டும் என்ற ஆசையை அவர் மறைக்கவும் இல்லை. அவர் செத்ததற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை டெஸ்ட் வைத்திருந்தேன், அதில் மாட்டி அவரே போயிருப்பார், அதற்குள் விதி முந்திக்கொண்டது என்றார். டெஸ்ட் நாள் தனக்கும் முதலுதவி அறை நர்ஸுக்கும் தவிர ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது என்று பெருமையாகவே சொன்னார். பாலிசி அதை மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

முதலுதவி அறை நர்ஸ், செத்தவரின் கூடப்பிறந்த அக்கா. தாய் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். தம்பி குடியிருந்த வீட்டு மாடியிலேயே இருப்பவர். வெள்ளைச் சீருடையில் பஞ்சுச் சுருளை வெட்டி அடுக்கிக்கொண்டே பேசினார். ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு. தம்பிக்கு அந்தப் பழக்கம் இருந்தது தெரியுமா என்று பாலிசி தயங்கிக் கேட்டார். தெரியும் என்றார்.

“ஊரு ஆயிரம் பேசட்டும் சார். செவ்வாக்கிழமை டெஸ்ட் நடந்திருந்தா என் தம்பி பாஸாயிருப்பான். தலை நிமிர்ந்து வேலையில நின்னிருப்பான்,” என்று சொல்லும்போது கத்தரிக்கோல் நின்றுவிட்டது. பாலிசி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் வாசனைத் திரவியக் கடைக்குப் போய் ஒரு கிளிப் பொட்டலம் வாங்கினார். உறை அதே உறை, கிளி அதே கிளி. பிரித்தால் புதினா. எலுமிச்சை வாசம் இல்லையா என்று கேட்டபோது கடைக்காரர் சிரித்தார். எலுமிச்சை போய் இரண்டு மாதம் ஆகிறது, அதில் இருந்த மருந்துக்கு அரசாங்கம் தடை போட்டுவிட்டது, கம்பெனிக்காரன் பழையதை அள்ளிக்கொண்டு போய் அடுத்த வாரமே புதியதை இறக்கிவிட்டான் என்றார். உள்ளே என்ன மாற்றினார்கள் என்று கேட்டதற்கு, “தடை பண்ணினதை எடுத்துட்டாங்க. வேற என்ன தெரியணும்?” என்று பில்லைக் கிழித்துக் கொடுத்தார்.

வீடு திரும்பியபோது பேராசிரியரின் பதில் வந்திருந்தது. வெறும் இலையில் ஒரு மருந்தைத் தெளித்துக் காயவைத்திருக்கிறார்கள். அது எந்த நாட்டுத் தடைப் பட்டியலிலும் இன்னும் ஏறாத ஒன்று. அண்மையில் தடை செய்யப்பட்ட மருந்தைவிடப் பல மடங்கு வீரியம். தெளித்த விதமும் சீராக இல்லை. ஒரு சிட்டிகையில் ஒன்றுமே இருக்காது, அடுத்த சிட்டிகையில் ஆளைக் கொல்லும் அளவு இருக்கும். பட்டியலில் உள்ளதை மட்டும் தேடுகிற பரிசோதனையில் இது ஒருபோதும் அகப்படாது.

பாலிசி சூப்பர்வைசர்தான் என்று முடிவே கட்டிவிட்டார். மச்சானுக்கு வேலை வேண்டும், டெஸ்ட் நாள் தெரியும், வேறென்ன வேண்டும் என்று அடுக்கினார். வக்கீலம்மா ஒரு சட்டைக் கையை மடித்து மெதுவாகத் தேய்த்தார்.

“டெஸ்ட் வச்சாலே அவர் மாட்டிக்கிட்டு வேலையை விட்டுப் போயிடுவாருன்னு நினைச்ச ஆளு, தம்பி. தானா விழப்போற காயைக் கல்லெறிஞ்சு யாராவது அடிப்பாங்களா?” என்றார். பிறகு சட்டையை அப்படியே விட்டுவிட்டு, இஸ்திரிப்பெட்டியின் வயரைப் பிடுங்கினார். அவர் ஒரு துணியைப் பாதியில் விட்டதைப் பாலிசி அதுவரை பார்த்ததில்லை. “எல்லாரையும் இன்னிக்குச் சாயங்காலமே கூப்பிடுங்க. அந்தப் புதினா இன்னும் எத்தனை பேர் பையில இருக்கோ.”

வேன்காரியின் முன்னறையில் எல்லோரும் கூடினார்கள். மொட்டை கதவோரம் நின்றான். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். நர்ஸம்மா நாத்தனாராக அல்லாமல் விருந்தாளிபோல நாற்காலி நுனியில் அமர்ந்திருந்தார். சுவரில் கிரேன்காரரின் படம்.

வக்கீலம்மா குரலை உயர்த்தாமல் பேசினார். “இவங்க புருஷன் செத்தது கிளிப் பொட்டலத்தால. ஆனா அவர் அதை வாங்கல, இழுக்கறது அதுன்னு அவருக்குத் தெரியவும் இல்ல. டப்பாவில இருந்த கஞ்சாவை எடுத்துட்டு யாரோ அதை நிரப்பி வச்சிருக்காங்க. முதல்ல மொட்டையைத்தான் நினைக்கத் தோணும். கலப்படம் பண்றவன் பால்ல தண்ணியைத்தான் கலப்பான், தண்ணியில பாலைக் கலக்க மாட்டான். கிளி, கஞ்சாவைவிட மூணு மடங்கு விலை. அதனால அவன் இல்ல.”

மொட்டை சுவரில் சாய்ந்து மூச்சு விட்டான்.

“சண்டை நடந்தது அவர் சாகறதுக்கு ரெண்டு மாசம் முன்னால. அப்பவே டப்பாவில எலுமிச்சை வாசம். அப்படின்னா அப்பவே மாத்தியாச்சு. அதுக்கப்புறமும் வாராவாரம் அதைத்தான் இழுத்தாரு, நல்லாத்தான் இருந்தாரு. கொல்ல நினைக்கிறவங்க வாரக்கணக்கா ஒண்ணும் ஆகாததைக் கொடுத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க. இடையில ஒரு தடை வந்துச்சு. கம்பெனி உள்ள இருந்ததை மாத்திட்டு உறையை அப்படியே விட்டுட்டான். பாம்பு சட்டையை உரிக்கும்னுதான் நாம கேள்விப்பட்டிருக்கோம். இங்க சட்டை அதேதான், உள்ள பாம்பு மாறிடுச்சு. டப்பா காலியானதும் மாத்தினவங்க மறுபடியும் அதே பொட்டலத்தை நம்பி வாங்கினாங்க. அது புதினா.”

பாலிசிக்கு அடுத்தது என்ன என்று இன்னும் தெரியவில்லை. சூப்பர்வைசரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொல்ல இல்லன்னா எதுக்கு மாத்தணும்? கிளிக்கு இருக்கற ஒரே உபயோகம், டெஸ்ட்ல வராது. அவர் டெஸ்ட்ல தப்பிக்கணும்னு யாரோ ஆசைப்பட்டிருக்காங்க. சூப்பர்வைசர் ஆசைப்பட்டது மாட்டணும்னு. மொட்டை வீட்டுக்குள்ள வந்ததில்ல. இந்தப் பொண்ணு மாத்தியிருந்தா, ரத்தத்துல கஞ்சா இல்லையேன்னு என் வீட்டு வாசலுக்கு வந்திருக்காது.” அவர் நாற்காலி நுனியில் இருந்தவரிடம் திரும்பினார். குரல் இன்னும் இறங்கியது. “கஞ்சா உடம்புல வாரக்கணக்கா தங்கும்னு என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். வாராவாரம் இழுக்கற ஆள் டெஸ்ட்ல பாஸாக வழியே இல்ல. ஆனா என் தம்பி பாஸாயிருப்பான்னு என் கொழுந்தன் கிட்டச் சொன்னீங்க. அவர் கஞ்சாவை விட்டு ரெண்டு மாசம் ஆச்சுன்னு அவருக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சதும்மா?”

அந்த வார்த்தையைக் கேட்டுத்தானே கண்ணைத் துடைத்துக்கொண்டோம் என்று பாலிசி நினைத்தார். காதில் விழுந்ததை மூளைக்கு அனுப்பாமல் கண்ணுக்கு அனுப்பியிருந்தார்.

நர்ஸம்மாவின் முகத்தில் பயம் இல்லை. புரியாமைதான் இருந்தது. புதினா என்ற சொல் வந்த இடத்திலேயே அவர் நின்றுவிட்டவர்போல இருந்தார்.

“மாரடைப்புன்னு எழுதியிருந்தாங்களே,” என்றார். “நான் அதைத்தானே நம்பினேன்.”

அப்புறம் அவரே சொன்னார். விடச் சொல்லி எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறார். தம்பி கேட்கவில்லை. டெஸ்டில் மாட்டினால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரே அவர்தான். யார்டில் கிளி இழுக்கிறவர்களைத் தினமும் பார்த்தார், நல்லாத்தான் இருந்தார்கள். சொன்னால் தம்பி தொட மாட்டான் என்று தெரிந்து, அவன் வேலைக்குப் போன நேரத்தில் மாடியிலிருந்து இறங்கி வந்து டப்பாவை மாற்றினார். அவன் கொண்டு வந்த கஞ்சாவைக் கழிவறையில் கொட்டினார். இரண்டாவது பொட்டலத்தில் வாசனை வேறாக இருந்ததைக் கவனித்திருக்கிறார். அப்போதும் பின்பக்கம் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்துப் பார்த்திருக்கிறார்.

“தடை செஞ்ச பொருள் எதுவும் இல்லைன்னு போட்டிருந்துச்சு. அது பொய்யும் இல்லையே,” என்றார்.

வேன்காரி எழுந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்துப் பாலிசி குறுக்கே போகப் பார்த்தார். அவள் நாத்தனாரின் முன்னால் போய் நின்றாள்.

“ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா, டாக்டர் கேட்டப்ப நான் சொல்லியிருப்பேனே அக்கா,” என்றாள். பிறகு, “சொல்லியிருப்பேனான்னும் தெரியல,” என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் தொடவில்லை.

வக்கீலம்மா அங்கிருந்தே காவல் ஆய்வாளருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். நர்ஸ் தானே வந்து வாக்குமூலம் கொடுப்பார், அந்தப் பொட்டலத்தை இன்றைக்கே கடையிலிருந்து எடுக்க வேண்டும் என்றார். ஆய்வாளர் நீண்ட நேரம் பேசினார். தடை இல்லாத பொருளை விற்றதற்குக் கடைக்காரர்மேல் கை வைக்க முடியாதாம், மேலிடத்துக்கு எழுதிப் போடுகிறாராம். நர்ஸ் விஷயத்தில் எந்தப் பிரிவில் எழுதுவது என்று கேட்டுச் சொல்கிறாராம். ஆனால் கஞ்சா கொடுத்தவன் யார் என்று சொன்னால் உடனே வண்டி அனுப்புவாராம்.

“அவன் கொடுத்தது அவரைக் கொல்லல சார்,” என்றார் வக்கீலம்மா.

மறுமுனையில் என்ன சொன்னார்களோ, பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். மொட்டையைக் காட்டிக் கொடுக்கவில்லையே என்று பாலிசிக்கு நிம்மதியாகவும் இருந்தது, அந்த நிம்மதி வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் பாலிசியும் யார்டுக்குப் போனார். தொழிலாளர்களிடம் பேசவென்று நர்ஸம்மா தானே கேட்டு வாங்கிய நேரம் அது. முடிந்ததும் நேரே காவல் நிலையம். முதலுதவி அறை வாசலில் ஆட்கள் திரண்டு நின்றார்கள். அவர் எதையும் மறைக்கவில்லை. தம்பி எப்படிச் செத்தான், டப்பாவை நிரப்பிய கை யாருடையது, எல்லாவற்றையும் மருந்துச் சீட்டு வாசிக்கும் குரலில் சொல்லி முடித்தார். கூட்டத்தில் ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றிப் பிடித்துக்கொண்டார். யாரோ பின்வாங்கி ஒரு பெட்டியில் மோதிக்கொண்டார்கள்.

நர்ஸம்மா ஒரு காலி எவர்சில்வர் தட்டை மேசைமேல் வைத்தார். “கிளி யார்கிட்ட இருந்தாலும் இதுல போட்டுடுங்க. பேர் கேக்க மாட்டேன்.”

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “போட்டுடறோம் நர்ஸம்மா. அப்புறம் பழசுக்குப் போனா டெஸ்ட்ல மாட்டுவோம், வேலை போயிடும். எல்லாத்தையும் விட்டுடற தெம்பு எல்லாருக்கும் இருக்கா? நாங்க என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க.”

கேலி இல்லாத கேள்வி அது. நர்ஸம்மா வாயைத் திறந்தார். அந்த அறையில் இதுவரை எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொன்னவர். “தெரியலப்பா,” என்றார்.

மொட்டைதான் முதலில் வந்து தன்னிடம் இருந்ததைப் போட்டான். பிறகு இன்னொருவர். ஐந்தாறு விழும் என்று பாலிசி நினைத்திருந்தார். எடை மேடைக்காரர் போட்டார். வாசல் காவலாளி போட்டார். பேரன் எடுத்த வயதில் இருந்த ஒருவர் வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துப் போட்டார். தட்டு நிறைந்து பொட்டலங்கள் மேசையில் சரிந்தன. அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தார்கள்.

கடைசியில், கதவில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் நகர்ந்து வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் சட்டையின் உள்பையில் கையை விட்டு, ஓரம் கிழிந்த ஒரு பொட்டலத்தை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

யாரும் சிரிக்கவில்லை.